படுத்துக்கொண்டு போகும் வேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் என்னைச் சந்தேக டீச்சர் என்று பின்னால் சொல்வார்கள். முன்னால் சொல்லத் துணிச்சல் கிடையாது. கடையில் வாங்கிய பருப்பைத் தட்டில் கொட்டிக் கல் பார்ப்பேன். ஹட்டன் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் சாரதியின் கண்ணைப் பார்ப்பேன், முதல்நாள் குடித்த சிவப்பு இருக்கிறதா என்று. இப்படிப் பார்த்ததால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை. பார்க்காமல் விட்ட ஒன்றிரண்டு இடங்களில்தான் வந்திருக்கிறது. ஆகவே கொழும்பில் கடையில் வேலை பார்த்த தம்பி ஒருநாள் வந்து, படுக்கை வைத்த வேன் ஒன்று வாடகைக்கு இருக்கிறது, அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு குடும்பமாக வடக்கே போய் வரலாம் என்றபோது, வாடகை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அந்தப் படுக்கையில் இதற்கு முன் யார் படுத்தது என்றுதான் கேட்டேன்.

சண்டை ஓய்ந்து வடக்குச் சாலையைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே தங்கை. எனக்குச் சின்னம்மா. எழுபதுகளின் கலவரத்தில் அவர் இருந்த தோட்டத்து லயத்தைக் கொளுத்தியபோது, புருஷனோடு கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார். பிறகு சண்டை வந்து சாலை மூடிக்கொண்டது. அந்தப் பக்கமிருந்து எப்போதாவது யாராவது வந்தால் வாய்ச்சொல்லாக ஒரு செய்தி வரும். உயிரோடு இருக்கிறார், புருஷன் காய்ச்சலில் போய்விட்டார், மூத்த மகன் வீட்டில் இல்லை. வீட்டில் இல்லை என்றால் எங்கே என்று நான் குடைந்து கேட்டால், வந்தவர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

அம்மாவுக்குத் தங்கையைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய முதுகு போய்விட்டிருந்தது. ஒரு மழை நாளில் நிறைகூடையோடு மலையில் சறுக்கி விழுந்தவர், அதன் பிறகு நிற்பார், நடப்பார், படுப்பார், உட்காரத்தான் முடியாது. நுவரெலியாவில் ஒரு கல்யாணத்துக்குச் சாதாரண வேனில் போய்வந்து, ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கிளிநொச்சிக்கு ஒரு முழு நாள் வேண்டும். படுத்துக்கொண்டு போக வழியிருந்தால் அம்மா தங்கையைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் இல்லை. சாலை எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தச் சமாதானத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது.

வேன் கம்பளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணனுடையது; நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரே ஓட்டுவார். உள்ளே நீட்டுக்குப் படுக்கை, கேஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, சாமான் வைக்க அலுமாரி எல்லாம் இருக்கிறதாம். வெள்ளைக்காரர்களைச் சமையலும் தூக்கமுமாக ஊர் சுற்றிக் காட்டுவதற்கென்று செய்ததாம். தம்பி இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அத்தனை பெருமை.

"வெள்ளக்காரன் ஏறுற வேன் எதுக்குடா லயத்த தேடி வருது?" என்று கேட்டேன்.

"நீ மொதல்ல பாருக்கா. பாத்துட்டுப் பேசு" என்றான்.

பார்க்கத்தான் போகிறேன் என்றேன். ஆனால் நான் கம்பளைக்குப் போகமாட்டேன், அவர் இங்கே கொண்டுவர வேண்டும் என்றேன். அவருடைய முற்றத்தில் நின்றால் நசுங்கிய பக்கத்தைச் சுவரோரமாக விட்டு நல்ல பக்கத்தைக் காட்டுவார் என்பது என் கணக்கு.

வேன் வருவதாகச் சொன்ன வாரத்தில் அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கூட்டிப்போனேன். படம் பிடிக்க வேண்டும் என்று வார்ட்டில் நிறுத்திக்கொண்டார்கள். தோட்டத்தில் இந்தச் செய்தி காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போய், அங்கிருந்து மலைக்குப் போய், ஒவ்வொரு நிரையிலும் கொஞ்சம் வளர்ந்து, அம்மாவுக்கு மூச்சே திணறுகிறது என்கிற அளவுக்கு வந்துவிட்டதாம். நாங்களோ படம் பிடித்து, மாத்திரை வாங்கி, ரயில் பலகையில் ஒருக்களித்துப் படுத்தபடி ஹட்டனுக்கு வந்து, முன்பகலில் வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லோரும் மலையில். லயம் வெறிச்சோடிக் கிடந்தது. நாங்கள் வந்ததை ஓர் ஆள் பார்க்கவில்லை. வந்து தேத்தண்ணீர் வைப்பதற்குள் தம்பியை ஏற்றிக்கொண்டு வேனும் வந்துவிட்டது.

வெள்ளை நிறம். நீளமான வேன். பக்கக் கண்ணாடிகளுக்கெல்லாம் கரும்பச்சைத் திரை. பின்பக்கம் இரண்டு கதவாகத் திறக்கும். ரோட்டு முடியும் இடத்தில், மலையைப் பார்த்துப் பின்பக்கம் இருக்கும்படி நிறுத்தி, நானா இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தார். நான் உள்ளே ஏறி மூக்கை வைத்தேன். சவர்க்கார வாசம், அதற்கு அடியில் ஊதுபத்தி வாசம். மெத்தை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். இவ்வளவு சுத்தத்துக்கு என்ன அவசியம் வந்தது என்று மெத்தையைத் தூக்கினேன். பலகை இடுக்கில் ஒரு காய்ந்த செவ்வந்தி இதழ்.

உள்ளங்கையில் வைத்து நானாவிடம் காட்டினேன். கல்யாண ஜோடி ஒன்று போனது என்றார். கல்யாணத்துக்குச் செவ்வந்தியா என்றேன். கதிர்காமம் போன வெள்ளைக்காரர்கள் சாமிக்கு வாங்கியதாக இருக்கும் என்றார். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வந்தால் இரண்டும் பொய் என்பது வகுப்பறையில் நான் கற்றது. வழியில் சோதனைச் சாவடிகளில் இந்த அலுமாரியையும் படுக்கையையும் பிரித்துப் போட்டால் நோயாளியை வைத்துக்கொண்டு நாங்கள் நடுரோட்டில் நிற்க வேண்டுமே என்றேன். சாலை திறந்த பிறகு அந்தப் பக்கம் போய்வந்திருக்கிறேன், பயமில்லை என்றார். யாரை ஏற்றிக்கொண்டு என்றேன். அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

இந்த இடத்தில் வேனைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அம்மா மெதுவாகப் படியிறங்கி வந்து, நான் படுத்துப் பார்க்கிறேன் என்றார். தம்பி கைகொடுத்து ஏற்றினான். தலை சாரதிப் பக்கம், கால் பின்கதவுப் பக்கம். குளிருக்குச் சேலைத் தலைப்பைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினார். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, பேசாமல் இரு, பார்க்கிறேன் என்றார். முகத்தில் அப்படி ஒரு சுகம். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி மனது கரைந்தது. மீதி மனதுக்காக ஒரு சாக்கை எடுத்துத் தரையில் விரித்து, வேனுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்கப் பின்சக்கரத்துப் பக்கம் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டேன். தம்பியும் நானாவும் முன்பக்கம் மூடியைத் தூக்கிவைத்து இன்ஜினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மத்தியானக் கொழுந்து நிறுக்க மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள்.

அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கண்டி ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலோடு கிடந்த பொம்பளை. திரை போட்ட வெள்ளை வேன். திறந்த பின்கதவில் இரண்டு கால்கள். முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் மகன். சக்கரத்தடியில் விழுந்து கிடக்கும் மகள். எங்கள் பக்கத்தில் கண்டியிலிருந்து பிழைத்து வருகிறவர்கள் பஸ்ஸில் வருவார்கள், ரயிலில் வருவார்கள். வேனில் கால் தெரியப் படுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரே வகைதான்.

முதலில் மேட்டில் ஒரு குரல் எழுந்தது. அடுத்தது கூடைகள் விழுகிற சத்தம். யாரோ பாவம் செத்துவிட்டார்கள், யாராக இருக்கும் என்று நான் வேனுக்கடியில் கிடந்தபடி யோசித்தேன். பார்த்தால் சேறு அப்பிய கால்களாக என்னை நோக்கி ஓடிவருகின்றன. அவசரமாக எழுந்ததில் இரும்பில் மண்டை இடித்துக் கண் இருட்டியது. வெளியே தலையை எடுத்ததும் இரண்டு பேர் என்னைக் கட்டிப்பிடித்து முகத்தைத் தோளோடு அமுக்கிவிட்டார்கள். பேச வாயில்லை. தம்பியையாவது பார்ப்போம் என்றால், அவன் கழுத்தில் ஒரு மாமா தொங்கிக்கொண்டு அழ, அவனும் ஓவென்று அழுதுகொண்டிருந்தான். தான் இன்ஜின் பார்த்த இடைவேளையில் அம்மா போய்விட்டார் என்று அவன் நம்பிவிட்டான். நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் ஏந்தி நின்றார்.

தோட்டத்தில் எது தாமதமானாலும் சாவு வேலை தாமதமாகாது. கங்காணி, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல, அவர் இரண்டு ஆளுக்கு அன்றைய சம்பளத்துக்குப் பேர் போட்டு, மண்வெட்டி கொடுத்துச் சுடுகாட்டு மேட்டுக்கு அனுப்பியே விட்டார்.

அம்மா ஏன் உடனே எழும்பவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அவரால் சட்டென்று எழும்ப முடியாது என்பது ஒன்று. அவரும் என்னைப்போல வேறு யாரோ செத்ததாகத்தான் முதலில் நினைத்தாராம். அதற்குள் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில், இருப்பவள் வந்து காலைப் பிடித்துக்கொண்டாள். பீலிக் குழாய்த் தண்ணீரில் யார் குடம் முதல் என்ற சண்டையில் அம்மாவோடு முகம் பார்த்துப் பேசாமல் வருடக்கணக்காக இருந்தவள். அவள்தான் எல்லோருக்கும் மேல் குரலெடுத்து ஒப்பாரி வைத்தாள்.

"வடக்க ஒரு கூடப்பொறப்பு வழிபாத்து நிக்கையில, வாசலோட போயிட்டியே, எங்க மவராசி."

எனக்கு அந்த அமுக்கலிலும் உடம்பு சிலிர்த்தது. அம்மா தன் ஆசையை எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். லயம் முழுக்க அது தெரிந்திருக்கிறது. பேச்சுவார்த்தை இல்லாதவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அம்மா கண்ணைத் திறந்தார்.

"கால விடுடி. வலிக்குது" என்றார்.

அதன் பிறகு நடந்த ஓட்டத்தை எழுதி முடியாது. ஒருத்தி மயங்கி விழுந்தாள். ஒருத்தி கூடையை மறந்து நேராக லயத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரிக்க, சிரித்தவர்களே மறுபடியும் அழ, எங்கள் அடுப்பில் பெரிய பானை ஏறியது. குழி வெட்டப் போனவர்கள் மண்ணும் கையுமாக வந்து, பாதிதான் வெட்டியிருக்கிறோம், என்ன செய்வது என்று கேட்டார்கள். வெட்டிய குழியை வெறுமனே மூடக்கூடாது என்று ஒரு வாழைக்கட்டையைப் போட்டு மூடச் சொன்னார்கள். போட்ட பேரை அழிக்க முடியாது என்று கண்டாக்கையா சொல்லிவிட்டதால் அவர்கள் இருவருக்கும் சந்தோஷம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டை வீங்கியிருந்தது. என் சந்தேகத்துக்குத் தோட்டமே சாட்சி சொல்லிவிட்டது. பார்த்தவுடனே அத்தனை பேருக்கும் பிண வண்டியாகத் தெரிகிற ஒன்றில் அம்மாவை ஏற்ற நான் சம்மதிக்கப் போவதில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்ற நானாவிடம் போய், எல்லோர் முன்னாலும், இனி நேராகச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மய்யித்து ஏத்தியிருக்கேன் டீச்சர். வெள்ளக்காரங்க வந்ததும் உண்மை, இதுவும் உண்மை. கொழும்புல மவுத்தான வடக்கு ஆளுங்க. வீட்டாளுங்க சொந்த மண்ணுக்குக் கொண்டு போகணும்னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுறாங்க, ஒரு வேன்காரனும் வரமாட்டேங்கிறான். நான் போனேன். சொன்னா நீங்க ஏறமாட்டீங்கன்னுதான் சொல்லல்ல."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று அந்தக் குனிவிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சரி, வேனைத் திருப்பிக் கொண்டு போய்விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது சுவரில் சாய்ந்து நின்றிருந்த அம்மா பேசினார்.

"வழி தெரிஞ்ச வேன்தானே. நான் இதுலயே போறேன்."

நான் சண்டை பிடித்தேன். அபசகுனம் என்றேன், பொய் சொல்லிய ஆள் என்றேன், வேறு வேன் தேடலாம் என்றேன். வேறு வேன் கிடையாது என்பது எனக்கும் தெரியும். அம்மா என்னை முடிக்க விட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாருந்தான் ஒருநாளைக்குப் படுத்துக்கிட்டுப் போவோம். எனக்குப் பயம் அது இல்ல. இன்னைக்கு இவளுக ஓடி வந்தாளுகளே, அது மாதிரி என் தங்கச்சி ஓடி வரக்கூடாது. அவ வீடு தெரியிறதுக்கு முன்னுக்கே நிறுத்துங்க. நான் முன் சீட்டுல உக்காந்துக்கிட்டுத்தான் போயி எறங்குவேன்."

உட்கார முடியாதவர் இதைச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் நானாவின் மேல் காட்டினேன். மெத்தை எங்களுடையதாக இருக்க வேண்டும், ஊதுபத்தி கூடாது, திரை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் ஏறித் திரைகளைக் கழற்றி மடித்து வைத்தார். அவர் மடித்த விதத்தைக்கூட நான் நின்று பார்த்தேன்.

போனோம். சாவடியில் நான் சொன்னது போலவே மெத்தையை இழுத்து ரோட்டோரம் போட்டுத் தட்டினார்கள், அலுமாரிக் கதவுகளைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார்கள். அம்மா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, தோட்டத்துச் சிங்களத்தில் நங்கியை, தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று சிப்பாயிடம் சொன்னார். அடுத்த பக்கத்து இயக்கச் சாவடியில் அதையே தமிழில் சொன்னார். இரண்டு இடத்திலும் அவர்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நானும் அவர்களை அப்படித்தான் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் அம்மா நன்றாகப் படுத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகத் தட்டையான அந்த நிலத்தைப் பார்த்து, மலையே இல்லாமல் இங்கே எப்படித் திசை தெரியும் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

சின்னம்மாவின் குடியிருப்பு வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது என்று வழியில் சொன்னார்கள். வாய்க்காலுக்கு இப்பால் நானா வேனை நிறுத்தினார். அம்மா முகம் துடைத்து, பொட்டைச் சரிசெய்து, தம்பியின் தோளைப் பிடித்து முன் சீட்டில் ஏறினார். உட்கார்ந்ததும் பல்லைக் கடித்ததில் தாடை புடைத்தது. தம்பி அவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான். நான் மட்டும் பின்னால், சாமான்களோடு படுக்கை விளிம்பில் இருந்தேன்.

ஓலை வேலிக்கு உள்ளே ஒல்லியான ஒரு பெண் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். வேன் நின்றதும் நிமிர்ந்தார். முன் கண்ணாடிக்குள் அம்மா கையைத் தூக்கினார். சின்னம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி, வேனின் ஓரமாகவே ஓடி, பின்னால் வந்து, இரண்டு கையாலும் கதவை இழுத்துத் திறந்தார்.

"ஆரக் கொண்டுவந்திருக்கிறீங்க?" என்றார்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படுக்கையைப் பார்த்தார். மெத்தை மேல் கையை வைத்து ஒரு தலையிலிருந்து மறு தலைவரை அழுத்திக்கொண்டே போனார். குனிந்து படுக்கைப் பலகைக்கு அடியில் பார்த்தார். மூத்த மகன் வீட்டில் இல்லை என்ற செய்தி வரும்போதெல்லாம் அதன் அர்த்தம் என்ன என்று நான் எத்தனை பேரைக் குடைந்திருப்பேன். ஒருவரும் சொல்லாததை, சண்டைக்குப் போன மகனைப் படுக்கையில் தேடிய அந்தக் கைகள் சொல்லின.

"யாரும் இல்ல சின்னம்மா. நான் அக்கா மக" என்றேன்.

அப்போதுதான் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற பார்வை. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. என் பக்கத்தில் இருந்த மூட்டையையும் நகர்த்திப் பார்த்துவிட்டு, கதவில் சாய்ந்து மூச்சு விட்டார். "ஒருத்தருமில்ல" என்று தனக்குத்தானே சொன்னார்.

முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி கைகொடுக்கும் முன்பே அம்மா தானாக இறங்கிவிட்டிருந்தார். வேனைத் தடவிப் பிடித்தபடி, ஒவ்வோர் அடியாக, நிமிர்ந்து, பின்பக்கம் வந்து நின்றார்.

"நாந்தாண்டி" என்றார். "உக்காந்துகிட்டுத்தான் வந்தேன்."